டீசலில் தண்ணீர்: வடிப்பதா, மருந்து ஊற்றுவதா, செபரேட்டர் மாட்டுவதா?

சம்பா நடவுக்கு டிராக்டர் சேற்றுழவில் இறங்கியிருக்கிறது. பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு இழுவை குறைந்து, வெள்ளைப் புகை விட்டு, நின்றுவிடுகிறது. கொஞ்சம் பொறுத்து செல்ஃப் அடித்தால் மறுபடி கிளம்புகிறது. ஃபில்டருக்கு முன்னால் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மேலே மஞ்சளாக டீசல் நிற்கிறது. அடியில் நிறமில்லாமல் ஓர் அடுக்கு, இரண்டுக்கும் நடுவே கோடு போட்டாற்போல ஒரு விளிம்பு. அடியில் நிற்பது தண்ணீர்.

இந்த நேரத்தில் நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். கிண்ணத்தை வடித்துவிட்டு ஓட்டு என்பார் ஒருவர். கடையில் விற்கும் மருந்தை ஊற்று என்பார் இன்னொருவர். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் பெரிய வாட்டர் செபரேட்டர் மாட்டு, டேங்கையே இறக்கிக் கழுவு என்றும் யோசனை வரும். எது சரி என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கும்: எவ்வளவு தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அது எந்த இடம் வரை போய்விட்டது.

முதலில் அளவு

இரவில் டேங்க் வியர்த்துத்தான் தண்ணீர் சேர்கிறது என்று பரவலாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 லிட்டர் டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே 30 லிட்டர் காற்று. 30 டிகிரி வெப்பத்தில் முழு ஈரமாக இருக்கும் காற்றில், கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் தண்ணீர் இருக்கும். அப்படியானால் அந்த 30 லிட்டரில் மொத்தமே 1 கிராமுக்குள்தான். விடியற்காலையில் 22 டிகிரிக்கு இறங்கினாலும் படிவது அதில் மூன்றில் ஒரு பங்கு. மாலையில் டேங்கை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம்தான், அதிலும் வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போது. ஆனால் கிண்ணம் நிறைய வந்த தண்ணீருக்கு வியர்வையைக் குறை சொல்ல முடியாது.

பெரிய அளவு வருவது டீசல் வாங்கி வைக்கும் பேரலில் இருந்து. 200 லிட்டர் பேரலை மழையில் நிமிர்த்தி வைத்தால் மேல்மூடித் தட்டில் தண்ணீர் தேங்கும். ஒரு சென்டிமீட்டர் தேங்கினாலே இரண்டரை லிட்டர். பகலில் வெயிலில் விரிந்த பேரல் மழையில் குளிரும்போது உள்ளே இழுக்கும். மூடியின் வாஷர் லேசாகத் தளர்ந்திருந்தாலும் தேங்கியது மெல்ல உள்ளே போய்விடும். பேரலைப் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3, 9 மணி நிலையில் இருக்கும்படி திருப்பிவிட்டால் மூடிகளின் உள்பக்கம் டீசலில் முழுகி நிற்கும், ஈரக் காற்றை இழுக்காது. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டுமென்றால் ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து, எந்த மூடியும் தாழ்ந்த பக்கம் வராதபடி வையுங்கள். ஹேண்ட் பம்பின் குழாய் அடியைத் தொடக் கூடாது. ஒரு சாண் உயரத்திலேயே நிற்கட்டும்.

வாட்டர் சர்வீஸில் அதிக அழுத்தத்தில் டேங்க் மூடி மேல் அடிக்கும் தண்ணீரும், வெடித்துப்போன மூடி கேஸ்கெட்டும் அடுத்த காரணங்கள்.

வடிப்பது

செலவில்லாத வழி இது. வழக்கமான அளவுக்கு இதுவே போதும். ஆனால் நேரம் முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் வடிக்க வேண்டும். இரவு முழுக்க வண்டி அசையாமல் நின்றதில் தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும். ஓட்டி முடித்த கையோடு வடித்தால் பாதிதான் வரும்.

டேங்க் மேலே இருக்கும் வண்டியில் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தினாலே தானாக வழியும். டேங்க் தாழ்வாக உள்ள வண்டியில் ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவையும் திறந்தால்தான் வடியும், அப்புறம் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க வேண்டியிருக்கும். தரையில் விடாமல் வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். எவ்வளவு வந்தது, துரு வந்ததா, பழுப்பாகக் கொழகொழவென்று ஏதாவது வந்ததா என்று பார்த்தால்தான் அடுத்து என்ன செய்வதென்று தெரியும்.

கிண்ணத்தை ஒருமுறை வடித்த பிறகு அன்று முழுக்கத் தெளிவாக இருந்தால் வேலை முடிந்தது. ஒரு மணி நேரத்தில் மறுபடி கோடு தெரிந்தால் தண்ணீர் இன்னும் டேங்கில் கிடக்கிறது. அப்போது கிண்ணத்தை மட்டும் வடித்துக்கொண்டே ஓட்டுவது, இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைப் பணயம் வைப்பதாகும்.

மருந்து

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டும் நேர் எதிர் வேலை செய்பவை, ஆனால் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு வகை தண்ணீரைப் பொடித்து டீசலோடு கலக்கிவிடும். இன்ஜின் வழியாக எரிந்து போகட்டும் என்பது கணக்கு. இன்னொரு வகை கலங்கிய தண்ணீரை ஒன்றுசேர்த்துக் கீழே இறக்கும், அதை நாம் வடிக்க வேண்டும்.

கலக்கும் வகை டிராக்டருக்கு வேண்டவே வேண்டாம். காரணம் துளியின் அளவில் இருக்கிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளி, 85 சென்டிமீட்டர் உயரப் பேரலில் முக்கால் மணி நேரத்தில் அடிக்கு வந்துவிடும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சிறுத்தால் அதே தூரத்துக்கு மூன்று நாள் ஆகும். அதாவது கிண்ணமும் செபரேட்டரும் பிடிக்கக்கூடிய துளியை, பிடிக்க முடியாத துளியாக மாற்றிவிடுகிறோம். செபரேட்டர் பேப்பரின் மேல்பூச்சு தண்ணீரைத் தள்ளும் தன்மையுள்ளது. இந்த மருந்து பட்டால் அந்தத் தன்மையும் போய்விடும். பிறகு தண்ணீர் நேராகப் பம்புக்குத்தான் போகும்.

பம்பில் டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சருக்கும், அது ஓடும் உருளைக்கும் (இதையும் பேரல் என்பார்கள்) நடுவே இடைவெளி சில மைக்ரான்தான். அங்கே உயவு கொடுப்பது டீசலே. தண்ணீர் வந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் முனையின் சூட்டில் தண்ணீர் நொடியில் ஆவியாகி விரிந்து முனையை அரிக்கும். வண்டியை நிறுத்தி வைத்தால் அதே இடத்தில் துரு பிடிக்கும்.

பிரிக்கும் வகைக்கு ஓர் இடம் உண்டு: பேரலில் டீசல் மங்கலாக இருந்து, இரண்டு நாள் வைத்தும் தெளியாதபோது. பயோடீசல் கலந்த எண்ணெய் தண்ணீரை அதிகம் பிடித்துக்கொள்ளும், அங்கே இது உதவும். டப்பாவில் போட்ட அளவு மட்டுமே, அதையும் பேரலில்தான்.

செபரேட்டர்

காசு செலவழிக்க முடிவு செய்தவர்கள் கவனிக்க வேண்டியது மாட்டும் இடம். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கம் மாட்டினால் தண்ணீர் இன்னும் பெரிய துளியாகவே வரும், சுலபமாகப் பிரியும். ஃபீட் பம்பைத் தாண்டினால் அது கடைந்துவிடும், பிரிப்பது கஷ்டம்.

ஆனால் உறிஞ்சும் பக்கத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அங்கே ஒரு வாஷர் சரியில்லை என்றால் டீசல் சொட்டாது, காற்றை உள்ளே இழுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, வண்டி மட்டும் அடிக்கடி ஏர் பிடிக்கும். அதனால் புது காப்பர் வாஷர், சரியான கிளாம்ப், வண்டியின் டீசல் ஓட்டத்துக்குக் குறையாத அளவுள்ள செபரேட்டர் மூன்றும் கட்டாயம். சின்னதை மாட்டினால் பாரம் ஏறும்போது டீசல் போதாமல் இழுவை விழும். பேரலில் இருந்து ஊற்றுபவர்களுக்கு, தண்ணீரைத் தள்ளும் சல்லடை வைத்த புனல் இதைவிட மலிவு, பல சமயம் இதைவிடப் பயனும் அதிகம். ஊற்றி முடித்ததும் புனலின் அடியில் நிற்பதை டேங்குக்குள் விடாமல் வெளியே கொட்ட வேண்டும்.

ரோட்டரி பம்ப் உள்ள வண்டிக்கும் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் வைத்திருக்கும் காமன் ரெயில் வண்டிக்கும் இந்தச் செலவு வீண் இல்லை. இன்லைன் என்ற இன்னொரு வகைப் பம்பில், பிளஞ்சரைத் தள்ளும் கேம் இன்ஜின் ஆயிலில் ஓடுகிறது. ரோட்டரியில் உள்பாகம் முழுக்க டீசலையே நம்பியிருக்கிறது. காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பார் என்ற அளவைத் தாண்டும். இந்தியாவில் 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் இந்த வகை வண்டிகள் வயலுக்கு அதிகம் வருகின்றன. அவற்றில் கம்பெனி மாட்டிய செபரேட்டரே இருக்கும், தண்ணீர் விளக்கும் இருக்கும். விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி வடியுங்கள்.

டேங்கைக் காலி செய்வது

தண்ணீர் அதிகம் என்று தெரிந்துவிட்டால் வேறு வழியில்லை. செல்ஃப் அடிக்காதீர்கள். அடிக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஒரு படி முன்னேறும். வண்டியை டிரெயின் பிளக் பக்கம் தாழ்வாக நிறுத்தி, ஓர் இரவு விட்டு, காலையில் பிளக்கைக் கழற்றி முழுவதும் கேனில் பிடியுங்கள். இரண்டு மூன்று லிட்டர் சுத்தமான டீசல் விட்டு அலசி, வருவது தெளிவாகும் வரை திரும்பச் செய்யுங்கள். பழுப்புக் கொழகொழப்பு இருந்தால் அது தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் வளரும் பூஞ்சை. அலசுவது போதாது, டேங்கை இறக்கித் துடைக்க வேண்டும்.

கிண்ணத்தைக் கழுவி, இரண்டு ஃபில்டரையும் மாற்றி, ஃபில்டர் கூட்டில் புது டீசல் நிரப்பி மாட்டுங்கள். ரிட்டர்ன் குழாயைக் கழற்றி ஒரு கேனில் விடுவது பலர் மறக்கும் வேலை. விட்டுவிட்டால் பம்பிலிருந்து வரும் தண்ணீர் கழுவிய டேங்குக்கே திரும்பும். ஹேண்ட் பிரைமரை அடித்து, முதல் ஃபில்டர், இரண்டாவது ஃபில்டர், பம்ப் என்ற வரிசையில் குமிழி நிற்கும் வரை ஏர் எடுங்கள். பிறகு இன்ஜெக்டர் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, 10 முதல் 15 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், நடுவே ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து முயலுங்கள். பீய்ச்சும் டீசலுக்கு எதிரே கையை நீட்டாதீர்கள், அது தோலைத் துளைக்கும். காமன் ரெயில் வண்டியில் இன்ஜெக்டர் நட்டைத் தொடவே கூடாது. அங்கே கம்பெனி சொன்ன முறையில்தான் ஏர் எடுக்க வேண்டும்.

பம்ப் வரை தண்ணீர் போயிருந்தால் சுத்தமான டீசலில் ஒரு மணி நேரமாவது ஓட்டிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஓடவில்லை என்றால் அன்றே பம்பைக் கழற்றி வேலைக்குக் கொடுங்கள். ஒரு வாரம் போட்டு வைத்தால் பிளஞ்சர் துருவேறி ஒட்டிக்கொள்ளும், சுத்தம் செய்து முடிய வேண்டிய வேலை பாகம் மாற்றும் வேலையாகும்.