சூடுபட்ட பாறை: வலிமையை அளப்பதா, விறைப்பை அளப்பதா?

சூட்டில் பாறை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல இரண்டு வழி உண்டு. மாதிரியை உடையும்வரை அழுத்தி அமுக்க வலிமையைப் பார்ப்பது ஒன்று. உடைக்காமல் கொஞ்சமாக அழுத்தி, எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்து யங் குணகத்தை, அதாவது பாறையின் விறைப்பைக் காட்டும் எண்ணைக் கணக்கிடுவது இன்னொன்று. கிரானைட் உருளைகளை உலையில் சுட்டுச் சோதிக்கும் வேலைக்கு நான் எடுத்துக்கொண்டது இரண்டாவதை, இன்னும் என் ஓட்டு அதற்குத்தான்.

வலிமைச் சோதனையின் சௌகரியம் தெரிந்ததே: ஒரே எண், அதை வைத்து நேராகக் கணக்குப் போடலாம். விறைப்புக்கு ஸ்ட்ரெயின் கேஜ் (நுண்ணிய சுருக்கத்தை அளக்கும் பட்டை) ஒட்ட வேண்டும், நேரம் பிடிக்கும். சரி, அது போகட்டும்.

சூடு உள்ளே என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்ற கனிமங்கள் மூன்றும் ஒரே அளவில் விரிவதில்லை, குவார்ட்ஸ் மணி (துகள்) ஒன்றேகூடத் திசைக்குத் திசை வேறு மாதிரி விரியும், அதனால் மணிகளின் எல்லையில் மெல்லிய விரிசல்கள் விழுகின்றன. அழுத்தும்போது முதலில் மூடுவது இவைதான். தகைவு-திரிபுக் கோடு (அழுத்தம் ஏற ஏற எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் வரைகோடு) நேராக ஏறாமல் அடியில் குழிந்து கிடப்பதும் அதனால்தான். உடையும் கட்டம் வருவதற்குள் இவற்றில் பல மூடிவிடும். அதனால் 200, 300 டிகிரி வரை சுட்ட கிரானைட்டின் வலிமை அவ்வளவாகக் குறையாமல், சில சமயம் சற்றுக் கூடியும் வரும். விரிசலின் சுவடு கோட்டின் அடிப்பகுதியில்தான் இருக்கும். அதனால் குணகத்தை அந்த ஆரம்பச் சரிவில் எடுக்க வேண்டும். உடையும் உச்சச் சுமையில் பாதிக்குப் போய் எடுத்தால் பாதி சேதி கைநழுவிவிடும். குவார்ட்ஸ் கட்டமைப்பு மாறுகிற 573 டிகிரியைத் தாண்டிவிட்டால் எதை அளந்தாலும் சரிவு கண்கூடு, அங்கே வாதமே இல்லை.

எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது வேறு. உடைத்த மாதிரியை மறுபடி சுட முடியாது. ஆக 200 டிகிரியில் சுட்ட உருளையின் வலிமையை, சுடாத வேறொரு உருளையின் வலிமையோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரே கட்டியில் வெட்டிய இரண்டு உருளைகளே தம்மில் கணிசமாக வேறுபடும், சிறிய சேதம் அந்த வேறுபாட்டுக்குள்ளேயே புதைந்துபோகும். விறைப்பில் இந்தத் தொல்லை இல்லை: சுடுமுன் ஒரு தடவை, 200-க்குப் பிறகு ஒரு தடவை, அப்புறம் 300, 400 என்று அதே உருளையை அதனோடேயே ஒப்பிடலாம். ஏற்கெனவே பார்த்த உச்ச வெப்பநிலையைத் தாண்டும்வரை பாறையில் புது விரிசல் பெரிதாக விழாது என்பதால் இப்படிப் படிப்படியாகச் சுடுவது பெரும்பாலும் செல்லும். இரண்டு நிபந்தனை: சுமை புது விரிசலைத் தொடங்கிவிடாத அளவுக்குத் தாழ்வாக இருக்க வேண்டும், சூடேற்றுவதும் ஆறவிடுவதும் மெதுவாக, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரியாக இருக்க வேண்டும். சட்டென்று தண்ணீரில் முக்கினால் அது வேறு சோதனை ஆகிவிடும்.

பளிங்கில் இது இன்னும் தெளிவு. பளிங்கின் கனிமமான கால்சைட் சூட்டில் ஒரு திசையில் விரிந்து, அதற்குக் குறுக்கே சுருங்கும், 100 டிகிரிகூட வேண்டாம். சிகாகோவில் அமோகோ என்ற வானளாவிய கட்டடத்தின் மேல் பதித்த இத்தாலியக் கராரா பளிங்குப் பலகைகள் வெயிலிலும் குளிரிலும் வளைந்துபோய், 1990-களின் தொடக்கத்தில் கிரானைட்டுக்கு மாற்றப்பட்டன. வலிமையும் குறைந்திருந்தது, ஆனால் கண்ணில் பட்டது வளைவுதான்.

மணற்கல்லை நான் அதிகம் கையாண்டதில்லை. களிமண் கலந்தது என்றால் சூட்டில் இறுகி வலிமை ஏறுவதும் உண்டு, அங்கே என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தீப்பிடித்த சுரங்கப்பாதையின் கூரை தாங்குமா என்ற கேள்விக்கு உடைக்கும் சுமை கட்டாயம் வேண்டும், குணகம் மட்டும் போதாது. அதற்கும் வழி இருக்கிறது: கடைசி வெப்பநிலையில் விறைப்பை அளந்து முடித்த கையோடு அதே உருளையை உடைத்துவிடலாம்.