டியூப் டிவி, எல்இடி டிவி: பழைய படம் எதில் நன்றாக இருக்கும்?

எல்இடி டிவி உள்ள பல வீடுகளில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் முகமெல்லாம் பூசணிக்காய் மாதிரி அகன்று தெரியும். பார்க்கவே வருத்தமாக இருக்கும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான 'ராஜராஜ சோழன்' 1973இல்தான் வந்தது. அதற்கு முந்தைய படங்களில் பெரும்பாலானவை ஏறக்குறைய 4:3 அளவில், அதாவது அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்காக, எடுத்தவை. டியூப் டிவியின் திரையும் 4:3 என்பதால் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அதில் அளவு மாறாமல் வந்தார்கள்.

எல்இடி திரை 16:9. திரை முழுக்கப் படத்தை இழுத்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். டிவியிலோ செட்டாப் பாக்ஸிலோ 4:3 என்று மாற்றிவிடுங்கள். இரண்டு ஓரமும் கறுப்பாக இருக்கும், இருக்கட்டும். அதுதான் சரியான படம்.

அளவு விஷயத்திலும் கவனம் வேண்டும். 32 அங்குல எல்இடியில் 4:3 படம் சுமார் 26 அங்குலம்தான் வரும். 29 அங்குல டியூப் டிவியைக் கொடுத்துவிட்டு 32 வாங்கியவருக்குப் பழைய படம் பெரிதாகவே ஆகவில்லை! பழைய படப் பிரியர்கள் 43 அங்குலத்துக்குப் போவதே நல்லது. அதில் 35 அங்குலம் கிடைக்கும்.

சாதாரண எஸ்டி சேனலில் படத்துக்கு 576 வரிகள்தான். டியூப் டிவி அதற்கென்றே செய்யப்பட்டது. 4கே திரையில் 2160 வரிகள். ஒரு வரியை ஏறக்குறைய நான்காக நிரப்ப வேண்டியிருப்பதால் படம் மங்கலாகத் தெரியும். டிவியைக் குறை சொல்லும் முன், கேபிள் பேக்கில் அந்தச் சேனல் எச்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இருட்டுக் காட்சிகளில் டியூப்தான் மேல். எல்இடியில் பேக்லைட் பின்னால் எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகிவிடும். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் சில பேனல்களில் நிறமும் வெளிறும். பேக்லைட் இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடியில் இந்த இரண்டு குறையும் பெரிதாக இல்லை, விலைதான் இடிக்கிறது. அசைவைச் சீராக்கும் வசதி ஆனில் இருந்தால் சினிமாகூட சீரியல் மாதிரித் தெரியும். அதை முதலில் ஆஃப் செய்யுங்கள்.

அப்புறம், ஒலி. பழைய பெரிய டிவிகளில் ஸ்பீக்கர் முன்பக்கம் பார்த்து இருந்தது. எல்இடியில் பெரும்பாலும் கீழே பார்த்து, மெல்லிய பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது. சென்னையில் ஃபேன் போடாமல் யார் டிவி பார்க்கிறார்கள்? அந்தச் சத்தத்தில் வசனம் அமுங்கிவிடும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒரு சிறிய சவுண்ட்பாரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற எல்லாவற்றிலும் எல்இடிக்குத்தான் என் ஓட்டு. கிரிக்கெட் ஸ்கோர் எழுத்துகூடத் துல்லியமாகத் தெரியும். திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தன வீட்டில் சுவரில் மாட்டினால் ஒன்றரை அடி இடம் மிச்சம். மே மாத வெயிலில் ஹாலில் சூடும் குறைவு.

ரிப்பேர் என்று வந்தால், டியூப் டிவியில் கண்டென்சர் போன்ற சில்லறைக் கோளாறுகளை இன்றும் சரிசெய்துவிடலாம். பிக்சர் டியூபே போனால் அதோடு முடிந்தது. எல்இடியில் பேனல் உடைந்தால் கிட்டத்தட்டப் புது டிவி விலை ஆகும். ஆனால் சத்தம் வந்து படம் வராவிட்டால், பல நேரம் பேக்லைட் பட்டைதான் போயிருக்கும். அதை மாற்றிக்கொள்ளலாம், சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் விசாரித்துப் பாருங்கள்.

2006இல் தொடங்கி தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி உங்கள் பரணிலும் கிடக்கலாம். அதைக் காயலான் கடையில் போடாதீர்கள். டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைப்பவருக்கு ஆபத்து. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். நீங்களும் பின்மூடியைத் திறக்க வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.