வால்கா வாங்கவா, 555 வைத்து நாமே செய்யவா?

ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதுதான்: காசு சேர்த்து கோர்க் கம்பனியின் குட்டி சிந்தசைசரான (மின்னணு இசைக்கருவி) வால்கா கீஸ் வாங்குவதா, 555 என்ற டைமர் ஐசியில் (சில்லு) சொந்தமாக ஒன்று செய்வதா?

செலவு: வால்காவுக்குப் பல மாதம் சேமிக்க வேண்டும். மற்றதுக்கு இரண்டு ஐசி, சில ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஒரு ஸ்பீக்கர்; பாதி பழைய ரேடியோவிலேயே கிடைக்கும்.

கரண்ட் போனால்: இரண்டும் பாடும். வால்காவுக்கு ஆறு ஏஏ பெட்டரி, 555க்கு ஒரு 9 வோல்ட்.

ஈரம்: நம் மூடுபனியில் திருகும் குமிழ்கள் கரகரக்கும். நாமே செய்ததில் கழற்றி மாற்றிவிடலாம். வால்காவின் பொடிப் பாகங்களில் சோல்டரிங் அயர்ன் வைக்க நான் துணியமாட்டேன்.

ஒலி: 2013இல் வந்த வால்கா ஒரே நேரத்தில் மூன்று சுரம் தரும், வாசித்ததைத் திரும்ப வாசிக்கும் சீக்குவென்சரும் உண்டு. எலெக்ட்ரோனிக்ஸ் எழுத்தாளர் போரஸ்ட் மிம்ஸ் 1980களில் எழுதிக் காட்டிய, அட்டாரி பங்க் கொன்சோல் என்று பெயர்பெற்ற 555 சுற்றுக்கு ஒற்றைக் குரல்தான், சுருதிக்கும் அடங்காது. ஆனால் குமிழைத் திருப்பும்போது படிப்படியாகத் தாவும் அந்த உறுமலைத் தப்பு அடிக்கு நடுவே கேட்டுப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும்!

கோயில் பஜனையில் சேர்ந்து வாசிக்க வேண்டுமா, வால்கா. ஒலி எப்படிப் பிறக்கிறது என்று அறிய ஆசையா, சரி, இந்த வார இறுதியிலேயே 555ஐத் தொடங்குங்கள்.