லிப்ரே ஆபிஸ்: மார்த்தாண்டத்து டிடிபி கடையிலிருந்து

கல்யாணப் பத்திரிகை, மனு, கல்லூரி பிராஜெக்ட் எல்லாமே எங்க கடையில லிப்ரே ஆபிஸ் ரைட்டர்லதான்; வேர்டு மாதிரியே, காசில்லாம கிடைக்கிற மென்பொருள். யூனிகோட் தமிழ் உடையாம வருது. 2017-ல வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளத்திலும் எழுத்தைச் சரியா அடுக்கிக் கொடுக்கிறது அதுக்குள்ள இருக்கிற ஹார்ஃப்பஸ்ங்கிற நிரல். குறைன்னா, வேர்டு கோப்பில உள்ள அட்டவணை சில நேரம் கோணிக்கிட்டு நிக்கும். யூனிகோட் இல்லாத பாமினி எழுத்துருவில அடிச்ச பழைய மனுவை மாத்த வேற கருவி தேடணும்.

"ஓசிச் சாமான், வேலையில்லாதவன் செஞ்சது"ன்னு பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணன் சொல்லுவாரு. அப்படி இல்லண்ணே! 2010-ல ஓப்பன் ஆபிஸை விட்டுப் பிரிஞ்சதிலிருந்து சூசே, ரெட் ஹாட், பிறகு கொலாபரான்னு கம்பெனிகள் சம்பளம் கொடுத்த ஆட்கள் இதுல நிறைய எழுதியிருக்காங்க.

"அப்போ அது கம்பெனி வேலைதானே, தனியாள் பங்களிப்புன்னு எப்படிச் சொல்லுவ?"ன்னு மடக்கினாரு.

யார் எந்த வரியை எழுதினாங்கன்னு காட்டுற கிட் பதிவுல எழுதினவர் பேருதான் நிக்குது. லிப்ரே ஆபிஸை நடத்துற டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்ல உறுப்பினராகிறதும் ஆள்தான், கம்பெனி இல்ல. வடசேரி ஆசாரி கூலிக்குக் கோயில் நகை செஞ்சாலும் கல் பதிச்சது அவர் கைதானே? என் கணக்குல அது அவங்க பங்களிப்புதான்.

ஆனா எந்த வேலையை முதல்ல எடுக்கணும்னு சொல்றது சம்பளம் கொடுக்கிறவன். ஃபவுண்டேஷன்ல ஓட்டுன்னு வரும்போது அதைக் கவனிக்காம விட முடியாது. இயக்குநர் குழுவில ஒரே கம்பெனி ஆட்கள் மூணுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாதுன்னு அங்க விதியே இருக்கு. அண்ணன் அதுக்கு மட்டும் தலையாட்டினாரு.

லிப்ரே ஆபிஸுக்கு என் மார்க் அஞ்சுக்கு நாலு. ஒண்ணு குறைஞ்சது அந்த அட்டவணையால.