பண்ணவாடியில் நந்தி முங்கிக் கிடந்தது

“இதுக்கு நேர் கீழதாங்க நந்தி.” பரிசல்காரர் துடுப்பை நிறுத்திக் கை காட்டிய இடத்தில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. நாலா பக்கமும் மேட்டூர் அணை ஏரியின் பழுப்புப் பச்சை நீர், எதிர்க்கரையில் நாகமரை. அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டால், “என்ன இது, வெறும் ஏரி?” என்றுதான் கேட்பார்கள். கேட்டார்கள்.

அன்றைய மேட்டூர் அணை நீர்மட்டம் நூறு அடியைத் தாண்டியிருந்தது. அணை கட்டியபோது ஏரிக்குள் முங்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி இது; அதன் தலை வெளியே தெரிய மட்டம் எழுபதை ஒட்டி இறங்க வேண்டும். ஆக, தலைக்கு மேல் முப்பது அடித் தண்ணீர். இந்த இரண்டு எண்களும் பண்ணவாடியில் டீ ஆற்றுபவருக்குக்கூடத் தெரியும். அமெரிக்காவிலிருந்து பதினைந்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வருகிற நமக்குத்தான் தெரிவதில்லை. வலையில் தேடினால் வறண்ட ஆண்டுகளின் படங்களே வரும். நந்தி காய்ந்த மண்ணில் முழுசாக உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் ஆடு மேயும். அது என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பி வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

அமெரிக்காவிலும் இப்படி முங்கிய ஊர் உண்டு. நெவாடாவில் மீட் ஏரிக்குள் 1938இல் போன செயின்ட் தாமஸ், ஏரி வற்றியதால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெளியே நிற்கிறது. காருக்கு 25 டாலர் கட்டினால் ஏழு நாள் செல்லும். இரண்டரை மைல் நடைபாதையில் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். எந்தப் படகுத்துறை எந்த மட்டம் வரை வேலை செய்யும் என்று பூங்காத் துறையே அறிவிக்கிறது. மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934இல். மீட் ஏரியைத் தேக்கும் ஹூவர் அணையைவிடச் சற்று மூத்தது. ஆனாலும் பண்ணவாடியில் “மட்டம் இத்தனை அடிக்கு வந்தால் இது தெரியும்” என்று ஒரு பலகை கண்ணில் படவில்லை. ஒரு பலகை! இரண்டு தகரம், ஒரு டப்பா பெயின்ட். எரிச்சல் வருவது அதனால்தான். பரிசல்காரர் மேல் ஒரு குறையும் இல்லை. “இன்னிக்குத் தெரியாதுங்க, சும்மா சுத்திட்டு வரலாம்” என்று ஏறும்முன்பே சொன்னவர் அவர்.

அணையின் எண்களை எப்படிப் படிப்பது? காவிரி டெல்டாக்காரர்களுக்கு இது பல் துலக்குவதற்கு முன்பே நடக்கிற காரியம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாளிதழ்களில் வருவது காலை 8 மணி அளவு, நாலு எண்கள்: நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம். மட்டம் அடியில் இருக்கும், முழு அளவு 120. இருப்பு டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), நிரம்பினால் 93.47. வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்தனை கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. மட்டம் என்பது அணையடியில் வைத்த அளவுகோலின் எண். நீங்கள் நிற்கும் இடத்தின் ஆழம் அல்ல. “நூறு அடி” என்றதும் பண்ணவாடிக் கரையிலேயே நூறு அடி ஆழம் என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏரி கிண்ணம் மாதிரி. மேலே அகலம், அடியில் குறுகல். நிரம்பி நிற்கும்போது ஓர் அடி இறங்க ஏறத்தாழ ஒன்றரை டி.எம்.சி. வெளியேற வேண்டும். எழுபதை ஒட்டி நிற்கும்போது முக்கால் டி.எம்.சி.க்குச் சற்று மேல் போனாலே ஓர் அடி இறங்கிவிடும். அதாவது வரத்து இல்லாமல் வினாடிக்குப் பத்தாயிரம் கன அடி திறந்துவிட்டால், கீழே வந்தபின் நாளுக்கு ஓர் அடி. ஏறும்போதும் அதே கணக்குத்தான். 2024 ஜூலைத் தொடக்கத்தில் நாற்பது அடியை ஒட்டிக் கிடந்த ஏரி, கர்நாடகத்து அணைகளான கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி வழிந்ததும் அதே மாதம் 30ஆம் தேதி 120ஐத் தொட்டது. ஜூலை முதல் வாரம் நந்தியைச் சுற்றி நடந்தவர் மாமனார் வீட்டு விருந்தெல்லாம் முடித்து மாதக் கடைசியில் பிள்ளைகளையும் கூட்டிவந்திருந்தால், பரிசலில் உட்கார்ந்து தண்ணீரைத்தான் காட்டியிருப்பார்.

கண்ணில் படுகிற வரிசை இப்படி. மட்டம் எண்பதுக்குக் கீழே வந்தால் முதலில் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம். பிறகு எழுபதை ஒட்டி ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியின் கொம்பும் தலையும். இன்னும் இறங்கினால் பீடம். அணை கட்டியபோது ஊர் மக்கள் மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள், கட்டடங்கள் அப்படியே நின்றன. மட்டம் நன்றாக இறங்கிய மாதங்களில் ஏரிப்படுகையில் கம்பும் சோளமும் எள்ளும் விதைத்திருப்பார்கள். அது யாரோ ஒருவருடைய பாடு. பொட்டல் என்று நினைத்து வண்டியைக் குறுக்கே விடாதீர்கள். விடவும் முடியாது. வண்டல் மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், ஒரு சாண் கீழே களி. கார் அச்சு வரை இறங்கினால் டிராக்டர்தான் கதி. மாட்டுவண்டித் தடமோ டிராக்டர் தடமோ இருக்கும் வரைதான் போகலாம். அதற்கப்பால் நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீர் விளிம்புக்குப் பத்தடி முன்பே நின்றுவிடுவது நல்லது. களி அங்கேதான் காலை இழுக்கும்.

வழி சுலபம். மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைச் சாலையில் கொளத்தூர், அங்கிருந்து பிரிந்து பண்ணவாடி பரிசல்துறை. பரிசல் கூலியை ஏறும்முன் பேசிவிடுங்கள், “போய் வர” என்று சொல்லிப் பேசுங்கள். உயிர்காப்புச் சட்டை கேளுங்கள். இல்லை என்றால் ஏற வேண்டாம். பரிசல் வட்டமானது. ஒரு பக்கமாக எல்லோரும் சாய்ந்து தற்படம் எடுத்தால் விளிம்பு தண்ணீருக்குள் போய்விடும். நடுவில் குந்தி உட்கார வேண்டும். பிற்பகல் காற்று ஏறினால் பரிசல் திரும்ப நேரம் பிடிக்கும். காலை பத்துக்குள் முடித்துக்கொள்வது உத்தமம்.

பணம் என்றதும் ஒரு புலம்பல். டீக்கடை முதல் கழிப்பறை வரை கியூஆர் அட்டை தொங்குகிறது, வெளிநாட்டுக் கடன் அட்டையை வைத்துக்கொண்டு நாம்தான் முழிக்கிறோம். வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு இருந்தால் அமெரிக்கா, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அமீரகம் உள்ளிட்ட சில நாடுகளின் கைபேசி எண்ணிலேயே யூபிஐ போட்டுக்கொள்ள 2023 முதல் வழி உண்டு. ஆனால் அந்த எண் வங்கியில் பதிவாகியிருக்க வேண்டும், பதிவின்போது அந்த சிம்மிலிருந்து குறுஞ்செய்தி போக வேண்டும். விமான நிலையத்தில் அமெரிக்க சிம்மைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு உள்ளூர் சிம்மைச் செருகியவர்களுக்கு இது நடக்காது. கிளம்பும்முன் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். இல்லையா, சேலத்திலேயே ஐந்நூறு ரூபாயை ஐம்பதும் நூறுமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

நந்தி ஏமாற்றினால் மட்டம் ஏறிய காலத்துக்கு வேறு காட்சி உண்டு. 120ஐத் தொட்டு வரத்தும் குறையாமல் இருந்தால் உபரி நீரைப் பதினாறு கண் மதகில் விடுவார்கள். அது பெரிய அணையிலிருந்து தள்ளி இருக்கிற எல்லிஸ் உபரி மதகு. பலர் பூங்காவில் நின்று அணைச்சுவரைப் பார்த்துவிட்டு “தண்ணியே வரலையே” என்று திரும்பிவிடுகிறார்கள். அணைமேல் நடக்கப் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. ஏரியைப் பார்க்கப் பவளவிழாக் கோபுரம் இருக்கிறது.

பூங்கா அப்படியேதான் இருக்கிறது, புல்தரையும் ஊஞ்சலும். அணைக்கட்டு முனியப்பன் கோயிலும் அப்படியே. கிடா வெட்டி, வாடகைப் பாத்திரத்தில் ஆக்கி, மர நிழலில் பந்தி. குளிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாசனத் தண்ணீர் அணை மின்நிலையம், சுரங்க மின்நிலையம் வழியாகத்தான் வெளியே வருகிறது. கோடையில் குடிநீருக்கு மட்டும் விடும்போது முழங்கால் அளவு ஓடிய இடம், திறப்பைக் கூட்டிய சிறிது நேரத்தில் இடுப்புக்கு வரும். சங்கு ஊதினால் துணியை எடுக்கக்கூட நிற்கக் கூடாது.

மீன் இன்னும் அதே ருசி. ஆராலும் கெளுத்தியும் கிடைத்தால் கட்லாவை விட்டுவிடுங்கள். மீனுக்கு ஒரு விலை, வறுப்பதற்குத் தனிக்கூலி, மசாலா அதற்குள்ளேயா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடை.

சரி, நந்திக்கே வருகிறேன். கரையில் இறங்கும்போது பரிசல்காரர் சொன்னது: “வைகாசியில வாங்க சார், காதைப் புடிச்சே பாக்கலாம்.” நம் பிள்ளைகளுக்குப் பள்ளி மூடுவதே மே கடைசியில், சில மாநிலங்களில் ஜூன் நடுவில். அதற்குள் கர்நாடகத்தில் மழை தொடங்கிவிடும். விமானச் சீட்டைப் பிப்ரவரியில் போடுகிறவர்களுக்கு அந்த மாதமே ஒரு துப்பு கொடுக்கிறது. வழக்கமான ஆண்டில் டெல்டாவுக்கு ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். அதன்பின் போவது பெரும்பாலும் குடிநீருக்கு மட்டும். வினாடிக்கு ஆயிரம் கன அடி என்று வைத்தால் மாதத்துக்கு இரண்டரை டி.எம்.சி., ஏறத்தாழ இரண்டு மூன்று அடி. வெயில் குடிப்பது தனி. ஆகவே பிப்ரவரி முதல் வார மட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து அடியைக் கழித்தால் வைகாசி மட்டம் கிடைக்கும். 80க்குக் கீழே இருந்தால் ஜூன் முதல் வாரத்துக்குச் சீட்டுப் போடலாம். நூறு என்றால் அந்த ஆண்டு நந்தியை மறந்துவிட்டு ஆகஸ்டில் பதினாறு கண்ணுக்கு வாருங்கள்.