கூகுள் எர்த் மூலையில் இருக்கும் அந்த எண்: எண்ணூர்க் கழியில் சில வருட அனுபவம்

பழவேற்காட்டுப் பக்கம் அலையாத்தி (மாங்குரோவ்) நட ஒரு குழு சேர்ந்திருக்கிறது. "புரபோசல் எழுதணும், எந்த சாஃப்ட்வேர், எந்த மேப் நல்லது? நீங்கதான் எண்ணூர்ல இதையெல்லாம் போட்டு உருட்டிட்டு இருக்கீங்களே" என்று அதிலிருக்கும் நண்பர் கேட்டார். போனில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும், எழுதிவிடுகிறேன். எப்படி இன்ஸ்டால் செய்வது, லேயர் எப்படிப் போடுவது என்பதெல்லாம் யூடியூபில் கிடைக்கும்.

எரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன். கூகுள் எர்த் ப்ரோவில் மவுசை எங்கே வைத்தாலும் திரையின் கீழ் மூலையில் அந்த இடத்தின் உயரம் மீட்டரில் வரும். முழு எண். காட்டுக்குப்பம் அருகே சேற்றின் மேல் வைத்தாலும், கொஞ்சம் தள்ளிக் கரைமேட்டில் வைத்தாலும் அநேகமாக ஒரே எண்தான். கூட்டத்தில் புரொஜெக்டர் போட்டால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். "சார், ரெண்டு மீட்டர்னு காட்டுதே, இங்கேயே நட்டுடலாமே!"

சென்னைக் கடலில் அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே சுமார் ஒரு மீட்டர்தான். அலையாத்தி பிழைப்பது அதில் மேல்பாதியில், அதாவது சராசரிக் கடல்மட்டத்துக்கும் பெரிய ஏற்றம் தொடும் உயரத்துக்கும் நடுவில். ஒரு சாண் கீழே நட்டால் கன்று மூச்சுமுட்டிச் சாகும். ஒரு சாண் மேலே போனால் உப்புப் பூத்துக் காய்ந்துவிடும். இதற்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று படிப்படியாகத் தாண்டும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இலவச உயரத் தரவுகளில் எல்லோரும் இறக்கிக்கொள்வது எஸ்ஆர்டிஎம் என்ற நாசா தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் பதினொரு நாள் சுற்றி ரேடாரில் எடுத்தது. எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது 2001-ல். சுனாமி 2004-ல். அதற்கப்புறம் இங்கே சாம்பல் கொட்டியிருக்கிறது, தூர்வாரிய மண்ணைப் போட்டு மேடாக்கியிருக்கிறார்கள், உப்பளங்கள் போயே போய்விட்டன. அந்தத் தரவுக்கு இது எதுவும் தெரியாது. ரேடார் அலை மரத்தின் தலையிலும் கூரையிலும் பட்டுத் திரும்புவதால், செடி அடர்ந்த இடத்தை மேடு என்றும் சொல்லும். ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் உயரத் தரவு 2011-லிருந்து 2015 வரை எடுத்தது, தசமப் புள்ளியெல்லாம் உண்டு. ஆனால் அதிலும் பிழை மீட்டர் கணக்கில்தான். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருக்கிறதே என்று மயங்க வேண்டாம்.

சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) பணத்தோடு வந்த ஒரு குழு, இப்படிப்பட்ட உயரத் தரவை வைத்துப் போட்ட ஒரு வண்ணப்படத்தை நம்பித்தான் கழியோரம் ஒரு திட்டில் கன்றுகளை வரிசையாக நட்டது. பேனர், டிரோன் வீடியோ எல்லாம் ஜோர். பக்கத்தில் வலை போடும் பெரியவர் அன்றைக்கே சொன்னார்: "தம்பி, இங்க வத்தத்துலகூட முழங்கால் தண்ணி நிக்கும்." அடுத்த மழைக்காலத்தில் குச்சிகள் மட்டும் நின்றன.

எங்களுக்குக் கைகொடுத்தது கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப். தண்டையார்பேட்டையில் எந்த ஹார்டுவேர் கடையிலும் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான் வித்தை. ஒரு முனையை ஏற்கெனவே நன்றாக வளர்ந்திருக்கும் வெண்கண்டல் என்ற அலையாத்தி வகையின் அடியில், அதுவும் கூட்டத்திலேயே மிகத் தாழ்வாக நிற்கும் செடியின் அடியில் பிடித்துக்கொள்ளுங்கள். மறுமுனை புதிய இடத்தில். இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டத்திலிருந்து சேறுவரை அளந்தால் இது எத்தனை விரல் மேலே, எத்தனை விரல் கீழே என்று தெரிந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பிழைத்த செடியின் உயரத்தோடு ஒப்பிட்டால் போதும்.

கூடவே கழித்தண்ணீர் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்க்க, பெயின்ட்டில் கோடு போட்ட ஒரு கம்பு. சர்வே ஆஃப் இந்தியாவின் ஓத (ஏற்ற வற்ற) அட்டவணையில் நாங்கள் பார்ப்பது சென்னைத் துறைமுகத்துக்கான கணக்கு. எண்ணூர் முகத்துவாரம் மணல் அடைத்துக்கொள்ளும் இடம் என்பதால் உள்ளே ஏற்றம் தாமதமாகத்தான் வரும், அளவும் குறையும். கம்பைப் பார்த்தால்தான் உண்டு.

இவ்வளவு திட்டிய கூகுள் எர்த் ப்ரோவில்தான் எங்களுக்குப் புதையலும் கிடைத்தது. கடிகாரப் பொத்தானை அழுத்தினால் பழைய படங்கள் வரும். இருபது வருடம் பின்னால் இழுத்தால், இன்று சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் மேட்டுக்கு அடியில் மெல்லிய கால்வாய்கள் நரம்பு மாதிரி ஓடுவது தெரிகிறது. எங்கே கழித்தண்ணீர் போய்வந்ததோ, அங்கே அடைப்பை எடுத்தால் போதும், செடி பல இடங்களில் தானே வரும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி அலையாத்தியை மீட்டது இந்த அடிப்படையில்தான். அந்தப் பழைய படத்தை பிரின்ட் எடுத்து ஊர்ப் பெரியவர்களிடம் காட்டினோம். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பேர் சொன்னார்கள். ஒன்றைப் பற்றி இரண்டு பேருக்குள் சண்டையே வந்துவிட்டது.

மற்றதைச் சுருக்கிவிடுகிறேன். உலகம் முழுக்க அலையாத்திப் பரப்பைக் காட்டும் குளோபல் மாங்குரோவ் வாட்ச் 1996-லிருந்து கணக்கு வைத்திருக்கிறது, சுந்தரவனத்துக்கு அருமை. அதன் ரேடார் படங்களில் ஒரு கட்டம் 25 மீட்டர். நம் கழியோரத்தில் பல இடங்களில் அலையாத்தி அந்த அகலம்கூட இல்லாத பட்டை. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் பத்து மீட்டர், ஐந்து நாளுக்கு ஒரு படம், கண்காணிக்க நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம்தான் தெரியும். தண்ணீருக்கு அடியில் காக்கா ஆழி என்ற அயல் மட்டி விரித்திருக்கும் கம்பளமோ எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தை மட்டும் தவறாமல் பாருங்கள்: ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் அலையாத்தி இருந்தால் சுற்றி 50 மீட்டர் பாதுகாப்புப் பட்டை உண்டு. நாளை யாராவது மண் கொட்ட வந்தால் கையில் வேண்டியது அதுதான்.

ஐயுசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) இயற்கை சார்ந்த தீர்வுகளுக்காக 2020-ல் வெளியிட்ட தரநிலை, 8 அளவுகோல், 28 குறியீடு. நிரப்ப உட்கார்ந்தால் தலைவலி நிச்சயம். ஆனால் ஆறாவது அளவுகோல் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று எழுதச் சொல்கிறது. அதை எழுதும்போதுதான், நாங்கள் நடக் குறித்த ஒரு சேற்றுத்திட்டு இருளர் பெண்கள் கையால் தடவி இறால் பிடிக்கும் இடம் என்ற பேச்சு வந்தது. அந்தத் திட்டை விட்டுவிட்டோம்.

மதிப்பெண் கேட்டால்: தண்ணீர் டியூப் ஐந்துக்கு ஐந்து. ஐயுசிஎன் நான்கு, வேண்டா வெறுப்பாக. கூகுள் எர்த் ப்ரோ இரண்டு. புதையல் கொடுத்ததற்கு இரண்டுதானா என்றால் ஆமாம், இரண்டுதான். போன வாரமும் ஒருவர் அந்த மூலை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து "இது போதும்ல?" என்று அனுப்பியிருந்தார். வியூ மெனுவில் ஸ்டேட்டஸ் பாரை எடுத்துவிட்டால் எண் மறையும். ஆனால் அட்சரேகை தீர்க்கரேகையும் கூடவே போய்விடும். அது இல்லாமல் வேலை நடக்காது என்பதால் மறுபடி அதே டிக்கைப் போட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது.