எடுக்காத படத்துக்கு இசைத் தொகுப்பு: ஆடாசிட்டியுடன் ஆறு வருடம்

அம்மாவிடம் ஒரு காலத்தில் கதை வசன கேசட்டுகள் நிறைய இருந்தன. முழுப் படத்தையும் ஒலியாகவே சுருக்கிப் போட்டிருப்பார்கள். வசனம், கதவு சாத்தும் சத்தம், மழை, பாதிப் பாட்டு, மறுபடி வசனம். சிங்கப்பூரில் எங்கள் ஹவ்காங் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் ஒன்றை எடுத்துப் போடுவார். பல படங்களை நான் பார்த்தது இப்படிக் காதால்தான். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்.

யாரும் எடுக்காத படம் ஒன்றுக்கு நாமே அப்படி ஒரு ஒலித்தடம் செய்தால் என்ன என்று 2019இல் தோன்றியது. ஆடாசிட்டியை இறக்கினேன். ஒலியைப் பதிவு செய்து வெட்டி ஒட்ட உதவும், 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் இலவச மென்பொருள், என் பழைய மடிக்கணினியிலும் ஓடியது. இதுவரை மூன்று தொகுப்புகள் முடித்திருக்கிறேன். மற்றவர்களின் பாடல்களை வைத்துச் செய்வதால் எதையும் வெளியே ஏற்றுவதில்லை, வீட்டுக்குள் கேட்பதோடு சரி.

முதல் படத்தின் கதை இது. லிட்டில் இந்தியாவின் தேக்கா பகுதியில் பூக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண், விடிகாலை முதல் கடைசி ரயில் வரை அவளுடைய ஒரு நாள். பிடித்த பாடல்கள் பதினான்கை எடுத்து, ஒன்று மங்கும்போது அடுத்தது எழும்படி கிராஸ்ஃபேட் செய்து வரிசையாக ஒட்டினேன். போட்டுக் கேட்டால் கல்யாண மண்டபத்தில் பாட்டு ஓடுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு பாட்டும் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்ததே தவிர, பூக்கடைப் பெண்ணுக்கு இடமே இல்லை. அப்புறம்தான் வரிகளைக் குறைத்தேன். இரண்டு பாடல்களில் மட்டும் குரல், மற்றதெல்லாம் முன்னிசையும் இடையிசையும். நம் திரைப்பாடல்களின் இடையிசைகளிலேயே ஒரு முழுக் காட்சிக்கு வேண்டியது இருக்கிறது.

ஆனால் இடையிசை முப்பது நாற்பது நொடியில் முடிந்து பல்லவிக்கோ சரணத்துக்கோ போய்விடும். நீட்ட வேண்டுமென்றால் தாளச் சுற்று முடியும் இடத்தில் வெட்டி, அதே துண்டை மறுபடி ஒட்ட வேண்டும். நிமிடத்துக்கு 90 தட்டு என்றால் நான்கு தட்டுச் சுற்று ஏறக்குறைய 2.67 நொடி. அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கி, அலை நடுக்கோட்டைத் தொடும் புள்ளியில் வெட்டாவிட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். 'இசட்' விசையை அழுத்தினால் தேர்ந்தெடுத்த துண்டின் விளிம்புகள் பக்கத்திலுள்ள அந்தப் புள்ளிக்குத் தானாக நகர்ந்துவிடும். இது தெரிவதற்குள் எனக்கு ஒரு வருடம் போய்விட்டது.

தொகுப்பைப் படமாக்கியது பாட்டு அல்ல, இடையில் வைத்த சத்தங்கள். விடிகாலையில் தேக்காவுக்குப் போய், மல்லிகைச் சரம் அளக்கும் இடத்தில் கடைக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு கைப்பேசியில் பதிவு செய்தேன். நூலை வெட்டும் கத்தரி, தண்ணீர் தெளிப்பான், சில்லறை. எங்கள் புளோக்குக்குக் கீழே பதிவு செய்ததில் குயில் ஓயாமல் கூவியது. முதலில் இரைச்சல் நீக்கும் வசதியால் எடுக்கப் பார்த்தேன். அந்த வசதி மின்விசிறி போல ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்குத்தான், குயிலுக்கு இல்லை. அளவைக் கூட்டக் கூட்டக் குரல்கள் தண்ணீருக்கடியில் இருந்து வருவது போலாகிவிட்டன. கடைசியில் குயிலை அப்படியே விட்டேன். இங்கே அடுக்குமாடியில் தூங்கி எழுகிற யாருக்கும் அது எந்த நேரம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆறு வருடமும் கை அதிகம் போனது என்வலப் கருவிக்குத்தான் (எஃப் 2). தடத்தின் மேலேயே புள்ளிகள் வைத்து ஒலியளவை வளைக்கலாம். கத்தரிச் சத்தம் வரும் இடத்தில் வயலினைத் தாழ்த்தி, அடுத்த நொடியில் மெல்ல ஏற்றுவேன். கிராஸ்ஃபேடை இப்போது தொடுவதே இல்லை.

இடைவேளை கட்டாயம் வேண்டும். நாம் படம் பார்க்கும் உடம்புக்கு அது பழகிவிட்டது. 62 நிமிடத் தொகுப்பில் 34ஆவது நிமிடத்தில் மேளம் உச்சத்துக்குப் போய்ச் சட்டென நிற்கும், மூன்று நொடி வெறுமை. அம்மா கேட்டபோது அந்த இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போச்சா இல்லியா?" என்றார். ரயில் கதவு மூடுவதோடு முடித்திருந்தேன். அன்று இரவே எங்கள் வீட்டுச் சாவி திரும்பும் சத்தத்தைப் பதிவு செய்து கடைசியில் சேர்த்தேன்.

வீட்டில் நன்றாகக் கேட்டது வழியில் கேட்காது. வடகிழக்கு ரயில்பாதை முழுக்கச் சுரங்கம். ஹவ்காங்கிலிருந்து லிட்டில் இந்தியா வருவதற்குள் மெல்லிய காட்சிகள் எல்லாம் இரைச்சலில் கரைந்துவிட்டன. சத்தமான இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள தூரத்தை அதனால் குறைத்தேன். மொத்தச் சத்தத்தை ஒரு அளவுக்குக் கொண்டுவரும் லவுட்னஸ் நார்மலைசேஷனில் முன்னிருப்பாக இருக்கும் -23 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) ஒளிபரப்புக்கான அளவு, நான் அதைவிடச் சத்தமாக -16 வைக்கிறேன். விலை அதிகமான ஹெட்போன் ஒன்றும் வாங்கி ஏமாந்தேன். அது பாஸ் எனும் அடித்தொனியைத் தானே தூக்கிக் காட்டியதால், நான் குறைத்து வைத்த தவில் வேறு ஸ்பீக்கரில் காணாமல் போனது. இப்போது சாதாரண வயர் இயர்போன்தான்.

ஒரு தொகுப்பு மொத்தமாகப் போனது என் கவனக்குறைவால். அப்போதைய பதிப்பில் திட்டக் கோப்பு தனி, ஒலித்துண்டுகள் இருக்கும் கோப்புறை தனி. நான் கோப்பை மட்டும் பென்டிரைவில் நகலெடுத்துவிட்டு மடிக்கணினியைத் துடைத்தேன். 2021இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே கோப்புக்குள் வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு இடத்தில் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக மெட்டமைக்க நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன், அதற்கென்றே வேறு மென்பொருள்கள் உண்டு. இருக்கிற ஒலிகளை வெட்டி ஒட்டிக் கதை சொல்ல இது தாராளமாகப் போதும். நான்காவது படம் மலேசிய எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் காத்திருக்கும் ஒரு பேருந்துக்குள் நடக்கிறது. டைட்டில் இசை தயார், மழையும் கிடைத்துவிட்டது. இடைவேளையை எங்கே வைப்பது என்றுதான் இரண்டு மாதமாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.